வாய்ப்பாடு சொல்லாத குளியல்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன், இல்லையென்றால் உடனே தெரியப்படுத்து. போனில் சொல்லக்கூடாதா, எதற்கு மெனக்கெட்டுக் கடிதம் என்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் உன் தம்பி அடுத்த அறையிலிருந்து எனக்குத் திருத்தம் சொல்கிறான், உங்கப்பா இந்த அறையிலிருந்து அவனுக்குத் திருத்தம் சொல்கிறார், கடைசியில் உனக்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நான் வேலையில் இருந்தபோது ஏழாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து, டீச்சர், சும்மா இருக்கறதுக்கு மார்க் உண்டா என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, உண்டு, முழுசா ஒரு முட்டை உண்டு, உட்கார் என்றேன். அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்து, உண்டும்மா, சும்மா இருப்பதற்கென்றே ஒரு மெஷின் இருக்கிறது, நூற்றுக்கு எவ்வளவு என்று திரையிலேயே காட்டிவிடுகிறது, என் மகன் அதில் தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆகிக்கொண்டு வருகிறான், நான் பெயில் என்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. அவள் எங்கே இருக்கிறாளோ, அதனால் உனக்கு எழுதுகிறேன்.

இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. போன தடவை இங்கே வந்து தங்கியிருந்தபோது, காலையில் குளியலறைக்குள்ளிருந்து உன் தம்பி வாய்ப்பாடு சொல்வதைக் கேட்டு, ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறான் என்று நினைத்து, கிளம்பும்போது அவன் கையைப் பிடித்து நல்லா எழுதுங்க என்று வாழ்த்திவிட்டுப் போனார். முப்பது தாண்டியவன், கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவன், என்ன பரீட்சை எழுதப்போகிறான் என்று அவருக்குத் தோன்றவில்லை, மரியாதை தெரிந்த மனுஷன், கேட்கவும் இல்லை. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு என்பது அவருக்குத் தெரியும். ஒருநாள் குளிக்கும்போது வந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைத்து அவனைத் தூக்க வேண்டியதாயிற்று, தாடையில் இருக்கும் தழும்பு அதுதான் என்பது தெரியாமல் இருக்கலாம். அன்றைக்கே உங்கப்பா தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்தார். லிஃப்ட் மெக்கானிக் அதோடு நிற்பாரா, உள்ளே ஒரு மணியும் வைத்தார், ஏதாவதுன்னா அழுத்துடா என்று. வலிப்பு வருகிறவன் மணியை எப்படி அழுத்துவான் என்று நான்தான் கேட்டேன். அவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு சொன்னார், லிஃப்ட்டில் பிரேக் எப்படித் தெரியுமா, கரண்ட் இருக்கும்வரை அது விட்டுக்கொடுக்கும், கரண்ட் போன நிமிஷம் கப்பென்று பிடித்துக்கொள்ளும், அதே மாதிரி இவன் உள்ளே சத்தம் போட்டுக்கொண்டே இருக்கட்டும், சத்தம் நின்றால் நாம் ஓடிப் பிடிப்போம் என்று. நல்ல யோசனைதான். என்ன சத்தம் என்பதில்தான் சிக்கல். பாடச் சொன்னோம், அவன் குரலுக்கு அது சரிப்படவில்லை, அதோடு பாட்டு என்றால் வரிக்கு வரி நடுவில் மூச்சு வாங்குவான், நாங்கள் வரிக்கு வரி ஓட வேண்டியிருந்தது. வாய்ப்பாடு சொல்லட்டும் என்றேன், அதில் இடைவெளி இல்லை, அடுத்தது என்ன என்று கேட்பவருக்கும் தெரியும், ஒரு முடிவும் உண்டு. கணக்கு டீச்சர் வீட்டுக்கு வேறு என்ன தோன்றும்.

அப்படி ஆரம்பித்ததுதான். சாதாரணக் குளியல் என்றால் ஏழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும் போதும். தலைக்கு ஊற்றிக்கொண்டால் பதிமூன்று வரை போகும். வெயில் காலத்தில் பத்தொன்பதாம் வாய்ப்பாட்டை இரண்டு முறை சொல்வான். குளியலறை ஜன்னல் வழியாக அது மாடி முழுக்கப் போகும். மேல் வீட்டம்மாவின் பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே வாய்ப்பாட்டை மனப்பாடமாகச் சொல்லும், ஆனால் தண்ணீர் ஊற்றும் இடத்தில் சரியாக மூச்சை இழுத்துப் பிடிக்கும். ஒருநாள் உள்ளேயிருந்து ஏழெட்டு ஐம்பத்திநாலு என்று கேட்டதும், நானும் அப்பாவும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து உள்ளே ஓடினோம். அவன் முகமெல்லாம் சோப்போடு நின்றுகொண்டு, சோப்பு கண்ணுல போச்சும்மா, ஒரு மனுஷன் கணக்குல தப்பு பண்ணக்கூடாதா என்று கேட்டான். அதற்குள் மேலேயிருந்து ஐம்பத்தாறு, ஐம்பத்தாறு என்று மேல் வீட்டம்மா கத்துகிறாள். இதையெல்லாம் நாம் பழகிவிட்டோம், நீயும் இதற்குள்ளேயே வளர்ந்தாய், அதனால் விசித்திரமாகப் படவில்லை. மற்ற வீடுகளில் பேசாமல் குளிக்கிறார்கள் என்பது எனக்கே சில சமயம் மறந்துவிடும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் மாத்திரையைக் கூட்டியதில் தம்பிக்கு எப்போதும் தூக்கக் கலக்கம், கடையில் ஒருவருடைய வலது லென்ஸை இடது பக்கம் பொருத்திவிட்டான், அவர் இரண்டு நாள் படியில் தடுக்கி விழுந்துவிட்டுத் திரும்பி வந்தார். நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் மாத்திரையைக் கொஞ்சம் மாற்றிவிட்டு, இன்னொன்றும் இருக்கிறது, மூளைக்கு ஒரு பயிற்சி, மூளையில் ஓடும் மின்சாரத்தை அவரவர் கண்ணாலேயே பார்த்துப் பழகுவது, சிலருக்குப் பலன் தெரிகிறது, சிலருக்குத் தெரிவதில்லை, நிச்சயமென்று நான் சொல்ல மாட்டேன், வேண்டுமானால் முயன்று பாருங்கள், ஆனால் ஒரு மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்தக்கூடாது, இது டியூஷன் மாதிரி, டியூஷன் போகிறோம் என்று யாராவது பள்ளிக்கூடத்தை நிறுத்துவார்களா என்றார். அந்த உதாரணம் எனக்கு முதலில் தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. அப்படிப் போய்ச் சேர்ந்தோம். சாவி வெட்டுகிறவர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி, ஒரு அறை, ஒரு சாய்வு நாற்காலி, எதிரே டிவி மாதிரி ஒரு திரை. பயிற்சி கொடுக்கிற பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும். நடக்கிற சத்தம் கேட்கக்கூடாது என்று காலுறையோடு நடக்கிறாள், அதனால் பின்னால் வந்து நிற்பதே தெரியாமல் உங்கப்பா இரண்டு முறை பயந்துபோனார். முதல் நாள் மூன்று பேரையும் உட்கார வைத்து, இதிலேர்ந்து உங்களுக்கு என்ன வேணும் என்று தனித்தனியாகக் கேட்டாள். வலிப்பு நிக்கணும் என்றார் அப்பா. நான் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன், அவள் குறித்துக்கொண்டிருந்தவள் பாதியில் பேனாவை வைத்துவிட்டாள். உன் தம்பி, எனக்கு வாயைத் திறக்காம குளிக்கணும் என்றான். அவள் அது ஏதோ பேச்சுக்குச் சொல்வது என்று நினைத்து, புரியலையே என்றாள். புரிய வைத்தோம். அவள் பேனாவை மறுபடி எடுத்து, அவன் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டாள். கல்யாணம், இதைவிடப் பெரிய வேலை, வண்டி ஓட்டுவது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தப் பிள்ளை கேட்பது இவ்வளவுதானா என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

பயிற்சி எப்படி என்றால், தலையில் பற்பசை மாதிரி ஒன்றைத் தடவி இரண்டு மூன்று ஒயர்களை ஒட்டுகிறார்கள். ஒயர் வழியாக உள்ளே ஒன்றும் போகாது, உள்ளே இருப்பதைக் கேட்க மட்டும்தான், டாக்டர் மார்பில் குழாய் வைத்துக் கேட்பது மாதிரி. மூளையில் பல விதமான அலைகள் ஓடுகின்றனவாம், அதில் ஒன்று, உடம்பு அசையாமல் இருந்து ஆள் மட்டும் விழிப்பாக இருக்கும்போது எழும்புகிறது. எலி வளைக்கு முன்னால் பூனை உட்கார்ந்திருக்குமே, தூங்கவும் இல்லை, துள்ளவும் இல்லை, அந்த நிலை. அது எழும்பினால் திரையில் ஒரு எருமை நடக்கும். அடங்கினால் எருமை நின்றுவிடும். கார் வேணுமா, படகு வேணுமா, எருமை வேணுமா என்று அந்தப் பெண் கேட்டாள், இவன் யோசிக்காமல் எருமை என்றான். எருமை ஒரு சாலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. எப்படி நடக்க வைப்பது என்று நான் கேட்டேன். அது யாருக்கும் தெரியாதும்மா, நீங்க நடக்க வைக்கப் பார்த்தா அது நிக்கும், அவர் மூளை தானா கண்டுபிடிக்கும், அவருக்கே தெரிய வேண்டாம் என்றாள். எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. எப்படி என்று சொல்லித்தராமல் ஒரு பாடமா. பிறகு யோசித்துப் பார்த்தேன், தூக்கம் அப்படித்தான், தூங்க வேண்டும் என்று முயன்றால் வராது. சைக்கிளும் அப்படித்தான், விழாமல் இருப்பது எப்படி என்று யோசித்தவன் விழுவான். ஊசியில் நூல் கோக்கும்போது பல்லைக் கடித்தால் கை நடுங்கும். இந்த மூன்று உதாரணங்களையும் உன் தம்பிக்கு நடுவிலேயே சொன்னேன், ஒவ்வொன்றுக்கும் எருமை நின்றது.

ஒரு மாதம் போயிற்று, எருமை சாலையில் பாதிகூடத் தாண்டவில்லை. உங்கப்பா டிவிக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, எருமைக்கு பிரேக் ஒட்டிக்கிட்டிருக்கு போல என்றார். இதில் இன்னொரு கூத்து. தலையில் பசை தடவுவதால் ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டும், தலைக்கு ஊற்றினால் பதிமூன்றாம் வாய்ப்பாடு வரை போக வேண்டும். வாய்ப்பாடு சொல்லாமல் குளிப்பதற்காகப் போய், வாரத்துக்கு மூன்று முறை கூடுதலாக வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தான். ஒருநாள் அந்தப் பெண் என்னிடம் மெதுவாக, அம்மா, நீங்க தொண்டையைச் செருமும்போதெல்லாம் எருமை நிக்குது, கவனிச்சீங்களா என்றாள். நான் செருமவே இல்லை என்றேன். இப்ப செருமினீங்க என்றாள். சரி, நீங்களே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கம்மா, அவர் என்ன பாடு படறார்னு தெரியும் என்று என்னை நாற்காலியில் உட்கார வைத்து ஒயரை ஒட்டினாள். எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்து, எருமை மேல மழை பெய்த மாதிரி நிக்கறியே என்று திட்டியவள் நான். இப்போது ஒரு எருமை என் எதிரே நிற்கிறது, நான் அதற்கு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறேன். அமைதியாக இருக்கிறேன், இதோ அமைதியாக இருக்கிறேன், இன்னும் அமைதியாக இருக்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அது காதைக்கூட ஆட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் திரையே இருண்டுவிட்டது. எருமை செத்துப்போச்சா என்று நான் கேட்டேன். அந்தப் பெண் வந்து பார்த்துவிட்டு, இல்லம்மா, ரொம்ப நேரமா ஒண்ணுமே அசையலைன்னு கம்ப்யூட்டர் தூங்கப் போயிடுச்சு, இது வரைக்கும் இப்படி ஆனதில்லை என்றாள். உன் தம்பி அறைக்கு வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தான். அடுத்து உங்கப்பா உட்கார்ந்தார். எருமை கடகடவென்று நடந்து அந்தப் பக்கம் ஏறிவிட்டது. எப்படிங்க என்றால், லிஃப்ட் குழிக்குள்ள உட்கார்ந்து ஆயுசு முழுக்க சத்தம் வருதான்னு கேட்டவன்டி நான், எனக்கு இது ஜுஜுபி என்கிறார். அன்றிலிருந்து வாசலில் யாரைப் பார்த்தாலும், நம்ம எருமை கரையேறிடுச்சு என்கிறார். கேட்பவர்கள் யாரை எருமை என்கிறார் என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் பயிற்சி அறைக்குள் போவதில்லை, கீழே சாவிக் கடையில் உட்கார்ந்துகொள்கிறேன், சாவி வெட்டுகிறவரும் பேச்சுத் துணைக்கு நல்ல மனுஷன். ஆனால் வீட்டிலும் அமைதி வேண்டும் என்று நாங்களாகவே முடிவு செய்தோம், அதில்தான் வீடு இரண்டுபட்டது. உங்கப்பா எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டார். அதனால் யார் எப்போது வருகிறார்கள் என்றே தெரியாமல் ஆளாளுக்குத் திடுக்கிட்டுக் கத்தினோம். குக்கர் விசில் மேல் துணியைச் சுற்றினார், அது தீய்ந்து, அந்த நாற்றத்தில் மேல் வீட்டம்மா தீயணைப்புக்குப் போன் போடப் போனாள். நான் அமைதியாக இருக்கிறேன், நீங்கதான் இல்லை என்று நான் சொல்ல, நான் கரையேத்தினவன், உன் எருமை எங்க நிக்குதுன்னு ஊருக்கே தெரியும் என்று அவர் சொல்ல, நடுவில் உன் தம்பி, இந்த வீட்டுல அமைதிக்குத்தான் சத்தம் ஜாஸ்தி என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விட்டான்.

ஆனால் நான் போகாத நாளிலிருந்து அவன் எருமை நடக்க ஆரம்பித்துவிட்டது. உண்மையைத்தான் எழுத வேண்டும். மாதங்கள் போகப் போக வலிப்பும் குறைந்திருக்கிறது. நின்றுவிடவில்லை. மழைக்காலத்துக்கு முன்னால் கடையில் ஒருமுறை வந்தது, முதலாளி அவனைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கையிலிருந்த கண்ணாடிச் சட்டத்தை எடுத்துவிட்டு, வந்திருந்தவர்களை எட்ட நிற்கச் சொல்லி, அவன் எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். நல்லவர். முன்பெல்லாம் ஒரே மாதத்தில் எத்தனை தடவை வந்ததோ, அத்தனை வர இப்போது பல மாதம் ஆகிறது. இது எருமையாலா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, அதே சமயத்தில் மாத்திரையையும் மாற்றினேனே என்றார். நியாயம்தான். ஒரே சமன்பாட்டில் தெரியாத எண் இரண்டு இருந்தால் விடை சொல்ல முடியாது என்று போர்டில் எழுதிப் போட்டவள் நான், எனக்கு வேண்டும் என்பதற்காக விடையை மாற்றச் சொல்ல முடியுமா. நீயும் யாரிடமாவது இதைப் பற்றிச் சொன்னால் அப்படியே சொல், தம்பிக்குச் சரியாயிடுச்சு என்று சொல்லிவிடாதே. வேறு யாராவது கேட்டுவிட்டு மாத்திரையை நிறுத்திவிடப்போகிறார்கள்.

அன்றுதான் உன் தம்பி டாக்டரிடம் கேட்டான், சார், நான் பேசாம குளிக்கலாமா. டாக்டர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நீங்க எப்படிக் குளிப்பீங்க என்று கேட்டார். இவன் ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்துக் காட்டினான். டாக்டர் பாதி வரை கேட்டுவிட்டுக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டார். அப்புறம் பொறுமையாகச் சொன்னார். தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் குளிக்கக்கூடாது, குட்டை ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மக்கில் மொண்டு ஊற்றிக்கொள்ளட்டும், தரையில் வழுக்காத விரிப்பு, தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வேண்டாம், தாழ்ப்பாள் வேண்டாம், வீட்டில் ஒருவர் இருக்கட்டும், இவ்வளவு நேரம் என்று டைமர் வைத்துக்கொள்ளுங்கள், அது அடித்தும் வரவில்லை என்றாலோ விழுகிற சத்தம் கேட்டாலோ உள்ளே போங்கள், மற்றபடி அவர் வாயை அவரிடமே விட்டுவிடுங்கள். அப்பா ஸ்டூலும் டைமரும் வாங்கிவந்தார். டைமர் என்றதும் அவருக்கு மனசு சமாதானமாகிவிட்டது, அது நல்ல ஏற்பாடு, லிஃப்ட்டிலும் உண்டு என்றார். சமாதானமாகாதது நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் உள்ளே போனான். கதவைச் சாத்தினான். நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தேன், அப்பா டைமரை மடியில் வைத்துக்கொண்டு எதிரே. குழாய் திறந்தது, முதல் மக் தண்ணீர் விழுந்தது. அதற்கப்புறம் குழாய்த் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. அம்மாடி, ஒரு வீட்டில் இவ்வளவு அமைதி இருக்குமா. என் வாய் தானாக ஓரேழு ஏழு என்று ஆரம்பித்தது, அப்பா முறைத்தார், நிறுத்திக்கொண்டேன். அவன் விழுந்துகிடக்கிறான் என்று ஒரு தடவை தோன்றியது, இல்லை, தண்ணீர் விழுகிறது என்று சொல்லிக்கொண்டேன், குழாய்த் தண்ணீர் விழுவதற்கு ஆள் எதற்கு என்று உடனே இன்னொரு மனசு கேட்டது. எழுந்து போய்க் கதவில் காதை வைக்கலாமா என்று கதவுவரை போனேன். அப்போது வாசலில் தடதடவென்று சத்தம். எண்ணெய் போட்ட கதவு ஓசையில்லாமல் திறக்க, மேல் வீட்டம்மா ஈரக் கையோடு ஓடி வருகிறாள், பின்னால் அவள் பிள்ளைகள், அதற்குப் பின்னால் எதிர்வீட்டு டிரைவர் பாதி ஷேவ் செய்த முகத்தோடு, கடைசியில் வாட்ச்மேன், கையில் தடி வேறு. சத்தம் நின்னுடுச்சு, சத்தம் நின்னுடுச்சு என்கிறார்கள். இத்தனை வருஷமாக அதை ஒரு நாள் விடாமல் காது கொடுத்துக் கேட்பது நாங்கள் இரண்டு பேர்தான் என்று நினைத்திருந்தேன். கட்டடமே கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது, அவன் ஏழாம் வாய்ப்பாட்டில் இருந்தால் பிள்ளைகளுக்கு ஷூ போட வேண்டும், எட்டுக்கு வந்தால் டிரைவர் கிளம்ப வேண்டும் என்று. நான் கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். கத்த முடியாது, உள்ளே அவன் பேசாமல் குளிக்கிறான். விளக்கவும் முடியாது. வாட்ச்மேன், அம்மா, புள்ள உள்ள கிடக்கு, நீங்க சும்மா நிக்கறீங்களே என்றார். மேல் வீட்டம்மா ரகசியக் குரலில், பெத்தவதானே நீ, நகருடி என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் நகரவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறக்க வேண்டும் என்று அங்கே இருந்த எல்லோரையும்விட எனக்குத்தான் அதிகம், அந்த ஆசையோடு நான் அப்படியே நின்றேன். அப்பா பின்னாலிருந்து டைமரைத் தூக்கிக் காட்டி, இன்னும் நேரம் இருக்கு என்று கையாலேயே சொன்னார். யாருக்கும் புரியவில்லை. அப்போது உள்ளே மக்கைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு மக் தண்ணீர். ஊத்திட்டான் என்றார் டிரைவர் மெதுவாக. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அடுத்த மக்குக்கு, இப்ப தலைக்கு என்றாள் மேல் வீட்டம்மா. அதற்கப்புறம் யாரும் போகவும் இல்லை, பேசவும் இல்லை, அத்தனை பேரும் நின்று அவன் குளிப்பதைக் கேட்டோம்.

டைமர் அடிப்பதற்கு முன்பே கதவு திறந்தது. இடுப்பில் துண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எங்களை ஒருமுறை பார்த்தான், வாட்ச்மேனின் தடியையும் பார்த்தான். உள்ள தண்ணி இருக்கு, ஒவ்வொருத்தரா போங்க, தள்ளாதீங்க என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குள் போய்விட்டான். மேல் வீட்டம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது, அப்புறம், இனிமே என் பசங்களுக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு யார் சொல்லித்தருவா என்று கோபம் வந்தது. அந்தப் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன், சாயங்காலம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தம்பி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான், அம்மா, தண்ணி தலையில விழும்போது ஒரு சத்தம், தோள்ல விழும்போது வேற சத்தம், உங்களுக்குத் தெரியுமா, நான் இதுவரைக்கும் கேட்டதே இல்ல என்று. எனக்குத் தெரியும்டா என்று சொல்ல வாயெடுத்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரியாது, நான் எப்போதும் அவசரமாகக் குளிப்பவள். அதனால் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன். அதற்குப் பிறகு தினமும் அப்படித்தான் குளிக்கிறான். நான் தினமும் அந்த நாற்காலியில் உட்காருகிறேன். பழகிவிட்டது என்று எழுதினால் பொய். நேற்றுகூடக் கதவுவரை போய்விட்டுத் திரும்பினேன். ஆனால் திரும்பினேன்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, படி ஏறமாட்டேன் என்கிறார், லிஃப்ட் மெக்கானிக் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருப்பதைப் பற்றி எல்லோரும் கேலி செய்கிறார்கள். பயிற்சி இன்னும் சில மாதம் இருக்கிறது, அந்தப் பெண் உன்னை விசாரித்தாள். நீ காலையில் சாப்பிடாமல் ஓடாதே, குளிர் என்றால் காதை மூடிக்கொள், மாப்பிள்ளையிடம், உங்கள் வாழ்த்துப்படி தம்பி பரீட்சையில் தேறிக்கொண்டு வருகிறான் என்று சொல். அப்பாவும் நானும் உங்கள் இரண்டு பேரையும் நினைக்காத நாள் இல்லை, நீங்கள் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து நன்றாக இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே. தம்பியோடு போனில் பேசும்போது அவன் ஒரு நொடி பேசாமல் இருந்தால், நீயும் என்னை மாதிரியே, டேய், இருக்கியா, டேய் என்று பதறுகிறாய், இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. அவன் யோசித்துக்கொண்டிருப்பான், அல்லது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான். இந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. நடுவில் அவன் பேச்சை நிறுத்தினால் ஒன்றும் கேட்காதே, போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவனாக அடுத்த வார்த்தை சொல்லும்வரை காத்திரு.

இப்படிக்கு,
உன் அம்மா